வலைத்தள அரங்கேற்றம்

(வெள்ளிவிழாவை ஒட்டி நடைபெற்ற இளைஞர் கல்விக் கருத்தரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் சங்கம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவுறும் இந்நன்னாளில், சங்கத்தின் வரலாறு பற்றியும் அண்ணல் அம்பேத்கரின் கல்விக் கொள்கை பற்றியும் எனக்கு முன்பு பேசிய பெருமக்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். எனக்கு அளிக்கப்பட்ட பொருள் சற்றே வேறுபட்டது. நம் இளைஞர்கள் சங்க நூலகத்துக் கணினியில் வலைத்தளம் ஒன்றை உருவாக்கி முடித்திருக்கிறார்கள். சங்கத்தின் வரலாறு, கல்வி உதவித்தொகை விவரங்கள், போட்டித் தேர்வுக்கான பழைய வினாத்தாள்கள், நூலகப் பட்டியல் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. ஆயினும் அந்த நூலக அறையை விட்டு வெளியே வந்துவிட்டால் அதனை ஒருவராலும் பார்க்க இயலாது. அதனை உலகோர் காணும் இடத்திற்குக் கொண்டு செல்வது எவ்வாறு, அவ்வாறு கொண்டு செல்லும்போது நாம் காக்க வேண்டியவை யாவை என்பனவே என் உரையின் பொருள்.

பண்டைக் காலத்தில் புலவர் ஒருவர் நூல் இயற்றினால் அதனை அவையில் அரங்கேற்றுவார். அரங்கேறாத நூல் ஏட்டளவில் மட்டுமே இருக்கும். நம் வலைத்தளமும் இன்று அந்நிலையில்தான் இருக்கிறது.

எழுதுவது ஒரு வேலை. எழுதியதை மக்களிடம் சேர்ப்பது மற்றொரு வேலை. இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-ஆம் ஆண்டில் ‘பறையன்’ இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907-ஆம் ஆண்டில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். அது கோலார் தங்கவயலில் உழைத்த நம் மக்களிடத்தும் சென்று சேர்ந்தது. அண்ணல் அம்பேத்கர் 1920-இல் ‘மூக்நாயக்’ இதழையும் 1927-இல் ‘பகிஷ்கிருத் பாரத்’ இதழையும் தொடங்கினார். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தாள் வேண்டியிருந்தது, அச்சகம் வேண்டியிருந்தது, அஞ்சல் செலவு வேண்டியிருந்தது. பிறர் நடத்திய ஏடுகளில் நம் குரலுக்கு இடமில்லாதிருந்தமையால், அத்துணை இன்னல்களுக்கு இடையிலும் சொந்தமாக ஏடு நடத்துவதே வழி என அவர்கள் துணிந்தார்கள்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டு எல்லையில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் 1989-இல் முன்மொழிந்து 1990-இல் உருவாக்கிய வலை என்னும் அமைப்பை, அந்த ஆய்வுக்கூடம் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. வலைத்தளம் ஒன்றைத் தொடங்க எந்த அச்சக முதலாளியின் வாசலிலும் நாம் நிற்க வேண்டியதில்லை. ஆதலின், இவ்வாய்ப்பைச் செவ்வனே பயன்படுத்துவது நம் கடமையாகிறது.

இனி, செய்முறைக்கு வருவோம்.

நம் இளைஞர்கள் நூலகக் கணினியில் ‘எக்ஸாம்ப்’ என்னும் மென்பொருளை நிறுவி, அதன்மீது ‘வேர்ட்பிரஸ்’ கொண்டு இத்தளத்தை அமைத்துள்ளனர். அதனைப் பார்க்க அவர்கள் தட்டச்சு செய்யும் முகவரி ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பது. இதன் பொருள் ‘இதே இயந்திரம்’ என்பதாகும். 127.0.0.1 என்ற எண் முகவரியும் அதனையே குறிக்கும். நூலகக் கணினியில் அம்முகவரியைத் தட்டினால் நம் தளம் தோன்றும். உங்கள் வீட்டுக் கணினியில் தட்டினால் உங்கள் கணினி தன்னைத்தானே தேடிக்கொண்டு, ஒன்றும் இல்லை எனச் சொல்லும். ‘என் வீடு’ என்ற சொல் ஒவ்வொருவர் வாயிலும் வெவ்வேறு வீட்டைக் குறிப்பதைப் போன்றது இது.

சர்வர் எனப்படுவதும் ஒரு கணினியே. எந்நேரமும் மின்சாரத்துடனும் இணைய இணைப்புடனும் விழித்திருந்து, கேட்போருக்குக் கேட்ட பக்கத்தை வழங்குவது அதன் தொழில். உலகின் முதல் வலைச் சர்வராக விளங்கிய கணினியின்மீது, ‘இது சர்வர், இதனை அணைத்துவிடாதீர்’ என்னும் கருத்துப்பட ஒரு சீட்டை எழுதி ஒட்டி வைத்திருந்தார்கள். நம் நூலகக் கணினியை மாலையில் பூட்டும்போது அணைத்துவிடுகிறோம். மின்வெட்டு வந்தால் அது தானே அணைகிறது. ஆகவே ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றின் சர்வரில் ஆண்டு வாடகைக்கு இடம் பிடிக்கிறோம்.

இடம் பிடித்தால் மட்டும் போதாது, பெயரும் வேண்டும். சர்வர்களுக்கு எண்களே முகவரி. அவ்வெண்களை மக்கள் நினைவிற்கொள்ள இயலாமையால், 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் பெயரை எண்ணாக மாற்றித் தரும் ‘டி.என்.எஸ்.’ முறையை வகுத்தார். நாம் பதிவு செய்யும் டொமைன் பெயரை நம் சர்வரின் எண்ணோடு அம்முறை இணைக்கிறது. இணைப்பை மாற்றினால் அச்செய்தி உலகெங்கும் பரவச் சில நிமிடங்கள் முதல் இரண்டு நாட்கள் வரை ஆகலாம். அதற்குள் ‘தளம் வரவில்லையே’ எனப் பதறி எல்லாவற்றையும் கலைத்துவிடக் கூடாது.

தளத்தை மாற்றும் வேலையில் இரண்டு மூட்டைகள் உள்ளன என்பதை முதற்கண் மனத்திற்கொள்ள வேண்டும். ஒன்று கோப்புகள், அதாவது வேர்ட்பிரஸ் நிரல்கள், தளத்தின் தோற்ற அமைப்பு, படங்கள் ஆகியவை. மற்றொன்று தரவுத்தளம். நாம் எழுதிய கட்டுரைகளும் அறிவிப்புகளும் கோப்புகளில் இல்லை. அவை தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. கோப்புகளை மட்டும் ஏற்றிவிட்டுத் தளம் வரவில்லை என வருந்துவோர் பலர். வீடு மாறுகையில் பெட்டியைக் கொண்டுபோய், பெட்டியில் இருந்த பத்திரங்களைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்ட கதைதான் அது.

முதலாவதாக, இரண்டு மூட்டைகளுக்கும் படி எடுத்து, பென் டிரைவ் ஒன்றில் சேமித்துத் தனியே வைக்க வேண்டும். இதனைச் செய்யாமல் வேறெதிலும் கை வைக்கலாகாது. இரண்டாவதாக, நூலகக் கணினியில் உள்ள பி.எச்.பி. மொழியின் பதிப்பும் சர்வரில் உள்ள பதிப்பும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, சர்வரில் புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, அதற்கெனத் தனிப் பயனர் பெயரும் வலிமையான கடவுச்சொல்லும் அமைக்க வேண்டும். எக்ஸாம்பில் ‘ரூட்’ என்னும் பயனருக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் இருக்கும். அறைக்குள் அது பொருந்தும். பொதுவெளியில் அது திறந்து கிடக்கும் கதவாகும். நான்காவதாக, தரவுத்தளத்தை அங்கே இறக்குமதி செய்து, கோப்புகளை எஸ்.எஃப்.டி.பி. வழியாக ஏற்ற வேண்டும். பழைய எஃப்.டி.பி. முறை கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பும். ஆதலின் அதனைத் தவிர்க்க வேண்டும். ஐந்தாவதாக, தரவுத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல், இருப்பிடம் ஆகிய நான்கையும் வேர்ட்பிரஸின் அமைவுக் கோப்பில் புதியனவாக மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தளத்தின் முகவரியாக இருந்த ‘லோக்கல்ஹோஸ்ட்’ எல்லா இடத்திலும் மாற வேண்டும். ஆனால் தரவுத்தளத்தின் இருப்பிடம் என்ற இடத்தில் உள்ள ‘லோக்கல்ஹோஸ்ட்’ பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஏனெனில், சர்வரைப் பொறுத்தவரை ‘இதே இயந்திரம்’ என்பது சர்வரையே குறிக்கும். சொல்லின் பொருளை அறிந்தவன் இவ்விடத்தில் தடுமாற மாட்டான்.

தளமுகவரியை மாற்றுவதிலும் கவனம் வேண்டும். வேர்ட்பிரஸ் சில அமைப்புகளைச் சேமிக்கும்போது, சொற்றொடரின் நீளம் இவ்வளவு என்ற எண்ணிக்கையையும் உடன் எழுதி வைக்கிறது. தரவுத்தளக் கோப்பைச் சாதாரண எழுதியில் திறந்து, பழைய முகவரியை நீக்கிப் புதியதை இட்டால் நீளம் மாறும், எண்ணிக்கை மாறாது. கணக்கு இடிக்கவே, வேர்ட்பிரஸ் அந்த அமைப்பைப் படிக்க மறுத்துவிடும். ஆதலின், எண்ணிக்கையையும் சேர்த்துத் திருத்தவல்ல கருவிகளைக் கொண்டே மாற்ற வேண்டும். ‘பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்’ என்னும் செருகுநிரல் அத்தகையது. ‘டூப்ளிகேட்டர்’ போன்றவை இரண்டு மூட்டைகளையும் ஒன்றாகக் கட்டிக் கொடுக்கும். எனினும், கையால் ஒருமுறை செய்து பார்த்தவனுக்கே அக்கருவி எங்கே தவறுகிறது என்பது விளங்கும்.

ஏற்றிய பின் சில படங்கள் தோன்றாமற் போகலாம். விண்டோஸ் கணினி கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும். பெரும்பாலான சர்வர்கள் இயங்கும் லினக்ஸோ அவற்றை வெவ்வேறாகக் கொள்ளும். எனவே கோப்புப் பெயர்களை எல்லாம் தொடக்கத்திலிருந்தே சிறிய எழுத்தில் இடுவது நலம்.

தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளாகவோ வேற்று எழுத்துகளாகவோ தோன்றினால் அஞ்ச வேண்டா. யூனிகோடு முறையில், யு.டி.எஃப்.-8 குறியேற்றத்தின்படி ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் இடம் தேவைப்படுகிறது. ஏற்றுமதி, இறக்குமதி, தரவுத்தளம் ஆகிய மூன்று இடங்களிலும் அதே குறியேற்றம் இருந்தால் தமிழ் சிதையாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த சங்க அறிக்கைகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும்.

சர்வரில் அடைவுகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்ற அனுமதி அளவே பொதுவாகப் போதுமானது. ஏதேனும் இயங்கவில்லையென்றால் 777 என இட்டுவிடுங்கள் என்று சிலர் எளிதாகச் சொல்வர். அது அந்தச் சர்வரில் உள்ள எவரும் எழுதலாம், அழிக்கலாம் என்று சாவியைத் தெருவில் வைப்பதாகும். மேலும், தளம் பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ். இணைப்பில் இயங்க வேண்டும். இல்லாவிடில், 2018-ஆம் ஆண்டு முதல் குரோம் உலாவி ‘பாதுகாப்பற்றது’ என எச்சரித்து வருகிறது. இதற்கான சான்றிதழை 2015-இல் சேவையைத் தொடங்கிய ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ கட்டணமின்றியே வழங்குகிறது.

நண்பர்களே! இதுவரை சொன்னவை கருவியைப் பற்றியவை. கருவியைவிடப் பெரிய ஒன்றைப் பற்றி இப்போது சொல்ல விழைகிறேன். அறையிலிருந்து அவைக்குச் செல்லும்போது எவற்றை எடுத்துச் செல்லக் கூடாது என்பதே அது.

நூலகக் கணினியில் நாம் சோதனைக்காக எத்தனையோ கோப்புகளை வைத்திருப்போம். உதவித்தொகை பெற்ற மாணவர் பட்டியல் அவற்றுள் ஒன்று. அதில் பிள்ளையின் பெயர், தந்தை பெயர், தெரு, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழின் நகல் ஆகிய யாவும் இருக்கும். மூட்டையோடு மூட்டையாக அதுவும் சர்வருக்குச் சென்றால் என்னவாகும்? இணைப்பு கொடுக்கவில்லையே, யார் பார்க்கப் போகிறார்கள் என எண்ண வேண்டா. முகவரியை ஊகித்துத் திறப்போர் உள்ளனர். கண்டதையெல்லாம் படியெடுத்து வைக்கும் தேடுபொறிகள் உள்ளன. நாம் நம் பக்கத்தை அழித்தாலும் பிறரிடம் சென்ற படி அழியாது.

நாளை நம் பிள்ளை ஒருத்தி நகரத்தில் வாடகைக்கு அறை தேடுகிறாள் எனக் கொள்ளுங்கள். வீட்டுக்காரர் அவள் பெயரைத் தேடிப் பார்க்கிறார். அவள் பேசத் தொடங்குமுன்னரே அவளது சான்றிதழ் அவர் கைக்கு வந்துவிடுகிறது. அறை காலியில்லை என்ற பதில் அவளுக்குக் கிடைக்கிறது. காரணம் அவளுக்குத் தெரியாது. அவளைப் படிக்க வைத்த சங்கமே அவளுக்கு அந்தக் கதவை அடைத்ததாகிவிடாதா?

நம் சாதியை மறைத்து வாழ வேண்டும் என்று நான் கூறுவதாக எவரும் பொருள்கொள்ளக் கூடாது. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பிறர் இழிவாக உரைத்த பெயரையே தம் இதழுக்குச் சூட்டித் தலைநிமிர்ந்து நின்றார். அது அவர் தாமே எடுத்த முடிவு. நம்மை நாமே அறிவித்துக்கொள்வது மானம். நம் ஒப்புதல் இன்றி நம்மைப் பட்டியலிட்டுத் தெருவில் ஒட்டுவது அவமானம். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நம் தளத்தை நடத்துவோர் ஒருபோதும் மறக்கலாகாது.

சட்டமும் இதனையே வேண்டுகிறது. 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தை எனக் கொண்டு, அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்கிறது. ஆகவே, இவ்வாண்டு இத்தனை மாணவர்க்கு உதவி அளித்தோம் என எண்ணிக்கையை வெளியிடுவோம். பெயர்ப் பட்டியலைச் சங்க அலுவலகப் பதிவேட்டில் வைப்போம். வெற்றி பெற்ற பிள்ளைகளின் படத்தை இடுவதாயின் அவர்களிடமும் பெற்றோரிடமும் எழுத்து மூலம் இசைவு பெறுவோம். கைப்பேசியில் எடுத்த படத்தில் எடுத்த இடத்தின் குறிப்பும் பதிந்திருக்கலாம். அதனை நீக்கிய பின்னரே ஏற்றுவோம். மாற்றும் வேலைக்காகச் சர்வரில் வைத்த தரவுத்தளப் படியையும் சுருக்கக் கோப்புகளையும் வேலை முடிந்த அன்றே அழித்துவிடுவோம்.

இனி, உடைமை பற்றியும் ஒரு சொல். டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகிறதோ அவரே அதற்கு உரியவர். ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்கிறார். இரண்டு ஆண்டில் வேலை கிடைத்து வெளியூர் செல்கிறார். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவர் பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போகிறது. பெயர் காலாவதியாகிறது. ‘.ஆர்க்’ போன்ற பெயர்களுக்கு, காலாவதியாகி நீக்கப்பட்ட பின் 30 நாட்கள் மீட்புக் காலம் உண்டு. அதற்குப் பின் 5 நாட்களில் அப்பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். நம் சங்கத்தின் பெயரில் யாரோ ஒருவர் சூதாட்ட விளம்பரம் நடத்துவதை நாம் பார்த்துக்கொண்டு நிற்க நேரும். நம் இளைஞர் எவரிடத்தும் குறை காண்பதற்காக இதனைச் சொல்லவில்லை. நிலத்தைச் சங்கத்தின் பெயரில் பத்திரம் செய்வது போல், டொமைனையும் ஹோஸ்டிங் கணக்கையும் சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் மின்னஞ்சலிலும் பதிய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். புதுப்பிக்க வேண்டிய நாளைச் செயற்குழுக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, வரவு செலவுத் திட்டத்தில் அதற்கெனத் தொகை ஒதுக்க வேண்டும்.

தளம் அரங்கேறும் நாளில் அதனை நூலகக் கணினியில் மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. நம் தெருவில் உள்ள எளிய கைப்பேசி ஒன்றில், அதன் சொந்த இணைய இணைப்பில் திறந்து பாருங்கள். நூறு நாள் வேலைக்குச் சென்று வரும் தாய் ஒருவர், மகளின் உதவித்தொகைக்கு இறுதி நாள் எது என்பதை அதில் எளிதாகக் காண முடிகிறதா எனக் கேளுங்கள். படங்களின் அளவு பெரிதாக இருப்பின் குறையுங்கள். ஒவ்வோர் இணைப்பையும் சொடுக்கிப் பாருங்கள். ஏதேனும் ஒன்று ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று சென்றால் நூலகக் கணினியில் அது திறக்கும், மற்ற இடங்களில் திறக்காது. தொடர்புப் படிவத்தை நிரப்பி, மின்னஞ்சல் வந்து சேர்கிறதா எனப் பாருங்கள். உருவாக்கும் காலத்தில் ‘தேடுபொறிகள் இத்தளத்தைத் தவிர்க்குக’ என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தால், இப்போது அதனை நீக்குங்கள். இல்லையேல், அரங்கேறிய பின்னும் தளத்தைத் தேடுவோர் கண்ணில் படாது.

அரங்கேற்றத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வேர்ட்பிரஸும் செருகுநிரல்களும் காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். வாரம் ஒருமுறை காப்புப் படி எடுத்து, அதில் ஒன்றைச் சர்வருக்கு வெளியே, சங்க அலுவலகத்தில் வைக்க வேண்டும். அந்தப் படியைக் கொண்டு தளத்தை மீண்டும் எழுப்ப முடிகிறதா என ஆண்டுக்கு ஒருமுறையேனும் நூலகக் கணினியில் சோதித்துப் பார்க்க வேண்டும். இவ்வேலையை ஒருவர் மட்டும் அறிந்திருப்பது ஆபத்து. இருவர் செய்ய வேண்டும். அவ்விருவரும் ஆண்டுதோறும் மேலும் இருவருக்குக் கற்பிக்க வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் நம் பெண்மக்களாக இருக்க வேண்டும். கணினி அறையில் தம்பிகள் விசைப்பலகையில் அமர, தங்கைகள் பின்னால் நின்று பார்ப்பதைப் பல இடங்களில் காண்கிறேன். அந்த வழக்கம் நம் சங்கத்தில் இருத்தல் ஆகாது.

அண்ணல் அம்பேத்கர் 1945-ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். அறிவு நம் மக்களை வந்தடையும் வழிகளை நாமே அமைத்து, நாமே நடத்த வேண்டும் என்பதை அச்செயல் நமக்குக் கற்பிக்கிறது. நம் சங்கம் இரவுப் பாடசாலை நடத்தியது, நூலகம் கண்டது, உதவித்தொகை வழங்கி வருகிறது. அந்த வரிசையில் இன்று இந்த வலைத்தளம் சேர்கிறது. இளைஞர்களே! அடுத்த ஞாயிறன்று நூலகத்தில் கூடுங்கள். முதல் வேலையாகக் காப்புப் படி எடுங்கள். இரண்டாவது வேலையாக, வெளியே செல்லக் கூடாத கோப்புகளைப் பிரித்து எடுங்கள். டொமைன் பதிவுக்கான தீர்மானத்தைச் செயலாளர் அவர்கள் செயற்குழுவில் வைப்பார் என நம்புகிறேன். அதன் பின்னர், நூலகக் கதவு பூட்டியிருக்கும் இரவிலும் நம் சங்கம் விழித்திருக்கும்.